தாசில்தார் வேண்டாமென்ற சாளை

எங்கள் கிட்டங்கித் தெருவில் சாளை மீனுக்கு ருசி போனது ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு. காரணம் யார் என்று இன்றைக்கும் தெருவில் யாரைக் கேட்டாலும் என் பூனையைத்தான் சொல்வார்கள். காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை வளர வளர எனக்குத் தைரியம் குறைந்துவிடும்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே ஒடியும் தெருக்களில் எங்களுடையதும் ஒன்று. ஒரு முனையில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி, மறுமுனையில் டிரான்ஸ்பார்மர், நடுவில் நாற்பது வீடு, சொரிமுத்துவின் டீக்கடை, அதற்கு நேர் எதிரே என்னுடைய மெஸ். என் பெயர் ஞானதீபம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த வருடம் பிழைப்புக்காக உலை வைத்தேன், அதே வருடம் மழைக்கு ஒதுங்கிய ஒரு சாம்பல் நிறக் குட்டி அம்மிக்குப் பக்கத்தில் படுத்தது, பிறகு போகவே இல்லை. வைத்த எதையும் அது உடனே தின்னாது. சுற்றி வரும், முகரும், உட்கார்ந்து யோசிக்கும், மனு கொண்டுவந்தவனை நாலு நடை நடக்கவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுகிற பெரிய மனுஷன் மாதிரி கடைசியில் ஒரு வாய் வைக்கும். அதனால் தெரு அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தது.

பிரகாசி பதினேழு வருடம் என் வாசலுக்கு மீன் கொண்டுவந்தவள். காலை பத்து மணிக்கு அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் சுமந்து வருவாள், படியில் இறக்குவாள், இருப்பதிலேயே சின்னதாக ஒரு சாளையை எடுத்துத் தலையைக் கிள்ளி, முள்ளை உருவி, சதையை மசித்து விரல் நுனியில் வைத்துத் தாசில்தாரிடம் நீட்டுவாள். அது முகரும், நக்கும், தின்னும். அதன் பிறகுதான் நான் கூடைக்குள் கை விடுவேன். விளையாட்டாகத் தொடங்கியதுதான். டீக்கடையில் கிளாஸும் கையுமாக நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பார்த்த லாரிக்காரர்கள் போகிற ஊரிலெல்லாம் சொன்னார்கள், சொன்னதைக் கேட்டு ஆட்கள் மெஸ்ஸைத் தேடி வந்தார்கள், வந்தவர்கள் பூனையைத்தான் முதலில் விசாரித்தார்கள். எனக்கும் தலை கால் புரியவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு வாசலுக்கு மேலே நீல எழுத்தில் ஒரு பலகை எழுதவைத்தேன்: ‘எங்கள் தாசில்தார் வேண்டாமென்ற மீன் உங்கள் இலைக்கு வராது.’

உள்ளதைச் சொன்னால் மீனைப் பார்த்து வாங்கியது எப்போதும் நான்தான். செவுளைத் திறந்து சிவப்புப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன். ஆனாலும் பலகையில் இருந்ததைத் தினமும் படித்துப் படித்து, பத்து வருடத்தில் எனக்கே அது நிஜமாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஒரு மாதமாகத் தாசில்தார் வைத்ததில் பாதியை மிச்சம் வைத்தது. வயது பதினேழு ஆகிவிட்டது, வயது ஏற ஏறத் துரைமாருக்குக் கொழுப்பும் ஏறும்போல என்று சொல்லிச் சிரித்தேன். வெள்ளிக்கிழமை காலை பிரகாசி விரலை நீட்டினாள். அது முகர்ந்தது, ஒரு தடவை நக்கியது, தலையை உதறியது, பின்னால் நகர்ந்து உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. டீக்கடையில் நின்ற ஏழெட்டுப் பேர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்தினார்கள். நான் குனிந்து ஒரு சாளையின் செவுளைத் திறந்தேன். சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு. கண் பளபளவென்று இருந்தது. அன்று விடியற்காலம் கரையேறிய மீன், எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே நிமிர்ந்து தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தேன், எதிரே நின்ற ஆட்களைப் பார்த்தேன்.

“இன்னைக்கு வேண்டாம், பிரகாசி. கொண்டுட்டுப் போ.”

“யக்கா, செவுளப் பாத்தியல்லா? நாலு மணிக்குக் கரையேறுன மீனு. ரத்தங்கூடக் காயல.”

“தாசில்தாரு வேண்டாங்கு. பொறவு நான் என்ன செய்ய?”

“அதுக்கு மீனு பிடிக்காம இல்லக்கா. அதோட வாயில வாடை அடிக்கி. எம் வெரல்ல ஒட்டியிருக்கு, பாருங்க. ஒருக்கா அத வாயத் தொறந்து பாருங்களேன்.”

“எம் பூனையோட வாயில ஒரு வாடையும் இல்ல. ஒங் கூடையில அடிக்குத வாடைய மொதல்ல பாரு.”

கடைசி வார்த்தைகளை நான் வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன். எதிர்க்கடைக்குக் கேட்டது. கூடையைத் தலையில் ஏற்ற ஒரு கை பிடிக்கவேண்டும், பதினேழு வருடமாக அந்தக் கையைக் கொடுத்தது நான். அன்று கொடுக்கவில்லை. பிரகாசி கூடையைப் படியிலிருந்து வாசல் திண்டுக்கு ஏற்றி, திண்டுக்குக் கீழே உட்கார்ந்து தலையைக் கொடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளிடம் வாங்கிக்கொண்டிருந்த மற்ற நாலு கடைக்கும் சேதி போய்ச் சேர்ந்தது. அவர்களும் வேண்டாமென்றார்கள். அடுத்த மாதம் அவள் இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கை விட்டுத் தோல் உரிக்கப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டே வெங்காயம் அரிந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை குழம்பில் கிடந்தது வேறொருத்தியிடம் வாங்கிய சாளை. பன்னிரண்டரைக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. உப்பு லாரி டிரைவர் ஒருவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்று, இலையைப் பார்த்து, மறுபடியும் மென்றார்.

“யக்கா, கொழம்பு இருக்கு. மீன எங்க?”

“வாயில போட்டு மெல்லுதியே, அது என்ன?”

“வாயில இருக்கு. ஆனா இல்ல.”

நானும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். புளி தெரிந்தது, மிளகாய் தெரிந்தது, சாளை இருந்த இடத்தில் ஈரத் துணியை மெல்லுகிற மாதிரி இருந்தது. அதே நேரம் பக்கத்து வீட்டில் ஒருத்தி பொரித்த சாளையை வைத்துக்கொண்டு புருஷனோடு சண்டை போடுகிற சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் நாற்பது வீட்டிலும் விஷயம் தெரிந்துவிட்டது, தாசில்தார் சாளையை நிராகரித்துவிட்டது, ஆகவே தெருவுக்குச் சாளை இல்லை. யாரும் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. தண்ணீர் வராத நாளில் எந்த வீட்டு மோட்டாரைப் போட்டார்கள் என்று கேட்பதுபோல, எத்தனை மணிக்கு முகத்தைத் திருப்பியது என்றுதான் கேட்டார்கள்.

சொரிமுத்து ஒரு பொரித்த சாளையைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டே தெருவின் நீளம் நடந்து பார்த்தான். டிரான்ஸ்பார்மரைத் தாண்டி ஒரு காலை வைத்ததும் “வந்துட்டு!” என்று கத்தினான். காலைப் பின்னால் எடுத்தால் போய்விட்டது. அன்றிலிருந்து சாளை ஆசைப்பட்டவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் போய் நின்று சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் நிற்பதற்குப் பதில் நாற்காலி போட்டார்கள், நாற்காலிக்கு நிழலாகத் தார்ப்பாய் கட்டினார்கள், பதினைந்து வருடம் பேசாத இரண்டு சம்பந்தி வீட்டுக்காரர்கள் அங்கே ஒரே பெஞ்சில் உட்காரவேண்டி வந்து, “முள்ளு பாத்து,” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன்? பூனைக்கு வேறு சாப்பாடு தேடினேன். அரிசி நிறுக்கிற தராசில் தாசில்தாரை வைத்துப் பார்த்தேன், நாலே முக்கால் கிலோ இருந்த உடம்பு நாலு கிலோவாகியிருந்தது. சாளை வேண்டாமென்றால் நெத்திலி வேண்டும்போல என்று நெத்திலி வைத்தேன், முகர்ந்துவிட்டுப் போனது, நெத்திலி போனது. விளைமீன் வைத்தேன், விளைமீன் போனது. பால் வைத்தேன், இரண்டு நக்கு நக்கிவிட்டுத் தலையை உதறியது, மறுநாள் தெரு முழுக்க வெந்நீர்போல ஒரு காப்பி குடித்தது. முட்டை போனது. கோழி ஈரல் போனது. மருந்துக்கடைக்காரர் சொன்னாரென்று படத்தில் வெள்ளைப் பூனை போட்ட பாக்கெட் தீவனம் வாங்கிவந்து வைத்தேன், அதையும் வேண்டாமென்றது. அதில் தெருவுக்கு நஷ்டமில்லை என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். மூன்றே கால் கிலோ. முதுகெலும்பைத் தடவினால் விரலுக்கு ஒவ்வொரு கணுவும் தட்டுப்பட்டது. அப்போதும் நான், “நாக்குக்கு எது கேக்குன்னு தெரியலியே, மகராசனுக்கு,” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் தெரு பழகிக்கொண்டது. ஜனங்கள் ருசி போன பண்டத்தை நினைவிலிருந்து சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள், முட்டையை வாயில் போட்டுக்கொண்டு ஒருவர் “மஞ்சக்கரு மாவு மாவா இருக்குமே” என்று எடுத்துக்கொடுக்க மற்றவர் “ஆமா, தொண்டையில ஒட்டும்” என்று முடித்தார். கூடவே என் வாசலில் கூட்டமும் சேர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பாகற்காயை நறுக்கி எடுத்துவந்து, தாசில்தார் முன்னால் வைத்து, அது முகத்தைத் திருப்பியதும் கைதட்டிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை வியாதிக்காரரான ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் தேவசகாயம் இனிப்பு மக்ரூன் ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தார். “இத ஒருக்கா வேண்டாம்னு சொல்லச் சொல்லும்மா, எனக்குச் சனி விட்டிரும்,” என்றார். அது வேண்டாமென்றது. அவர் கும்பிட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். கிட்டங்கிப் பக்கத்து வீட்டு லிங்கதுரை வந்தது மட்டும் வேறு காரியமாக. அவருடைய மகளுக்குக் கல்யாணம்.

“ஞானதீபம், ஒன்னக் கையெடுத்துக் கேக்கேன். பத்தாந் தேதி வரைக்கும் அதுக்கு ஆட்டுக்கறியக் காட்டிராத.”

“ஆட்டுக்கறிய விட்டா நான் எதக் குடுக்க, அண்ணாச்சி? ஆளு மெலிஞ்சி போச்சே.”

“மெலிஞ்சி போச்சு, சரி. எம் மவளுக்கு ஒரு கல்யாணம்தானே?”

நான் ஆட்டுக்கறியைக் காட்டவில்லை. அடுத்து ஒருவர் நண்டைக் காட்டாதே என்றார், இன்னொருத்தி மகன் கப்பலிலிருந்து லீவில் வருகிறான், இறாலைக் காட்டாதே என்றாள். எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டினேன், மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவர்கள் அவர்கள்தானே. பூனை முன்னால் வைக்கலாம் என்று தெரு அனுமதித்த பண்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் உப்புமா, பூசணிக்காய், கஷாயம் என்று யாருக்கும் வேண்டாதவையே மிஞ்சின. பதினேழு வருடம் எனக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்த ஜீவனுக்கு நான் அவற்றைத்தான் கிண்ணத்தில் வைத்தேன். இரண்டு கிலோ எண்ணூறு.

பிறகு ஒரு நாள் டீக்கடை வாசலில் பெரியவர்கள் கூடினார்கள். மிச்சம் இருப்பது சோறு, சோற்றையும் அது வேண்டாமென்று சொல்லிவிட்டால் தெரு பட்டினி கிடக்கவேண்டியதுதான் என்றார் தேவசகாயம். யாரும் கெட்ட மனசோடு பேசவில்லை. வயதான ஜீவன், எப்படியும் போகிற உயிர், இனிமேல் எதையும் காட்டித் தொந்தரவு செய்யவேண்டாம், தண்ணீர் மட்டும் வைத்துவிடு என்றார்கள். சொரிமுத்து என்னைப் பார்க்காமல் கிளாஸ் கழுவினான். நான் அப்போது எழுந்து நின்று என் பூனை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “சரி,” என்றேன்.

மூன்று நாள் தண்ணீர் மட்டும் வைத்தேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். மூன்று நாளும் காலை பத்து மணிக்குத் தாசில்தார் எழுந்தது. எழுந்திருக்க இரண்டு முயற்சி வேண்டியிருந்தது. சுவரோரமாகவே நடந்து வாசற்படிக்கு வந்து, கூடை இறக்கும் இடத்துக்கு முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்து, வாலைக் காலைச் சுற்றி வைத்துக்கொண்டு, தெருவையே பார்த்தது. மீன் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தது. பத்தரை வரைக்கும் இருந்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனது.

நாலாம் நாள் என்னால் முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அதைத் தூக்கி மடியில் போட்டேன், துண்டைத் தூக்கியதுபோல இருந்தது. என் முகத்துக்கு நேரே அது வாயைத் திறந்து சத்தமில்லாமல் கத்தியது. அப்போது அந்த வாடை அடித்தது. புதிய வாடை இல்லை, இரண்டு மூன்று மாதமாக வீட்டில் இருக்கிற வாடைதான், மீன் சமைக்கிற வீட்டில் மீன் வாடை என்று நான் நினைத்திருந்தது. செவுளைத் திறக்கிற பழக்கத்தில் என் கட்டைவிரல் தானாக அதன் கடைவாய்க்குப் போனது. திறந்து பார்த்தேன். ஈறு முழுக்கப் புண். பின்பக்கத்துப் பல் ஒன்று பாதி ஒடிந்து, ஒரு நூலில் தொங்குவதுபோல ஆடிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றிச் சீழ். பிடிக்காமல் இல்லை அதற்கு. ஒவ்வொரு நாளும் ஆசையாக வந்து முகர்ந்து, ஆசையாக நக்கி, வலி தாங்காமல் முகத்தைத் திருப்பியிருக்கிறது, அதைப் பார்த்து நாங்கள் நாற்பது வீடும் அதன் நாக்கைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பதினேழு வருடத்தில் எத்தனை ஆயிரம் மீனின் செவுளைத் திறந்து பார்த்திருப்பேன். என் பூனையின் வாயை ஒரு தடவை திறக்கவில்லை. திறந்து பார் என்று ஒருத்தி சொன்னாள், அவளைத்தான் துரத்திவிட்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு நாலு பல் எடுத்தார். ரத்தமும் பார்த்தார். “கிட்னியும் கொஞ்சம் தளர்ந்திருக்கு, வயசுக்கு அது சகஜம். ஆனா சாப்பிடாததுக்குக் காரணம் வாய்தான். எத்தனை நாளா வலியில இருந்திச்சோ, பாவம்,” என்றார். நான் நாட்களை எண்ணிச் சொல்லவில்லை. முள்ளில்லாமல் மசித்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கச் சொன்னார். “பயம் இருக்கும்மா. சாப்பாடுன்னாலே வலின்னு அதுக்கு மனசுல பதிஞ்சிருக்கும். முன்னாடி ரொம்பப் பழகுன சாப்பாடு எதுவோ, அதுல ஆரம்பிங்க.”

ரொம்பப் பழகியது சாளை. ஏற்கெனவே ருசி போன மீன்தான் என்பதால் தெருவிலும் யாரும் தடுக்கவில்லை. அவித்தேன், மசித்தேன், தட்டில் வைத்தேன், கையில் வைத்தேன், விரலில் வைத்து நீட்டினேன். தாசில்தார் என் விரலை முகர்ந்தது. பின்னால் நகர்ந்துகொண்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஏற்றிய குளுக்கோஸில்தான் உயிர் நின்றது. யார் விரலுக்குக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி விஷயங்கள் எனக்கு எப்போதும் தெரிந்துதான் இருக்கின்றன.

இறால் கம்பெனியில் மத்தியானம் மூன்று மணிக்கு ஷிப்ட் விடுவார்கள். கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். ரப்பர் செருப்பும் தலையில் பிளாஸ்டிக் தொப்பியுமாகப் பெண்கள் வந்தார்கள், கடைசியில் பிரகாசி வந்தாள். விரல்கள் ஊறி வெளுத்து, நுனியெல்லாம் வெடித்திருந்தன. என்னைப் பார்த்தாள், நடையை நிறுத்தவில்லை. நான் கூடவே நடந்தேன்.

“பிரகாசி, அன்னைக்கு ஒம் மீனு நல்ல மீனு.”

“ம்.”

“செவுளு செவப்பாத்தான் இருந்திச்சு. நான் பாத்தேன். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“எனக்குத் தெரியும்.”

“பூனை சாவக் கெடக்கு. வாயில புண்ணு. நீ சொன்ன மாதிரியேதான். ஒங் கையிலன்னாத்தான் தின்னும். என்ன மன்னிச்சி ஒருநட வா.”

அவள் நின்றாள். தொப்பியைக் கழற்றி உதறினாள். “யக்கா, எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதிய? எனக்குத் தெரிஞ்சதத்தான் எங்கிட்டயே சொல்லுதிய. அன்னைக்கு அங்ஙன நின்னவுகளுக்குத் தெரியாது. நாலு கடைக்காரவுகளுக்குத் தெரியாது. அவுகளப் பாத்துச் சொல்லுங்க.”

“சொல்லுதேன். பூனைக்காண்டியாவது மொதல்ல வந்துட்டுப் போ.”

“பூனைக்காண்டி வருவேன். அதுமேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது.” அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். “நீங்க சொன்ன பொறவு வருவேன். அது அதுவரைக்கும் இருக்கணும்னு மாதாகிட்டக் கேட்டுக்கிடுங்க.”

மறுநாள் மத்தியானம் பந்தி நிறைந்திருந்தது. நான் சோற்றுக் கரண்டியோடு நடுவில் நின்று, டீக்கடைக்கும் கேட்கிற சத்தத்தில், அந்த வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பிய சாளை நல்ல சாளை, அன்றே கரையேறியது, எனக்கு அது தெரியும், பலகைக்கு அசிங்கமாகிவிடும் என்று பயந்து பொய் சொன்னேன், பூனைக்கு வந்தது பல் வலி, பிரகாசி அதை அன்றைக்கே சொன்னாள் என்று சொன்னேன். கரண்டிச் சோறு ஒருவர் மடியில் விழுந்தது. ஒருவர் ரசம் கேட்டார். வாசலில் நின்ற சொரிமுத்துதான், “அப்பம் அந்தம்மா மீனு நல்ல மீனா?” என்று கேட்டான்.

“நல்ல மீனு.”

“மத்த நாலு கடையிலயும் போயிச் சொன்னது நாந்தானே அக்கா,” என்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த நாலு கடைக்கும் போனான். நான் ஸ்டூல் போட்டு ஏறி நீல எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தேன். ஒரு பூச்சுக்கு எழுத்து மறையவில்லை, மூன்று பூச்சு பூசினேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் தாசில்தாரால் வாசலுக்கு வர முடியவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு வந்து அதன் இடத்தில் வைத்தேன். பிரகாசி வந்தாள், கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். கூடை இல்லை, கையில் ஒரு தூக்குவாளியில் எட்டுச் சாளை. என்னிடம் பேசாமல் நேரே அடுப்படிக்குப் போய் இரண்டை அவித்தாள், தோலை உரித்தாள், முள்ளை உருவினாள், அந்த வெடித்த விரல்களாலேயே வெண்ணெய்போல மசித்தாள், ஒரு பொட்டு எடுத்து விரல் நுனியில் வைத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நீட்டினாள். தெரு முழுக்க வாசலில் நின்றது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு துண்டுச் சாளையை வாயில் அடக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், மூச்சுகூட மூக்கால் விட்டார்கள்.

தாசில்தார் முகர்ந்தது. யோசித்தது. பயந்து பயந்து நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கி, வலிக்கிறதா என்று காத்திருப்பதுபோலத் தலையைச் சாய்த்து நின்றது. பிறகு அவள் விரலை முழுசாக வாய்க்குள் இழுத்துக்கொண்டது.

“வந்துட்டு!” என்று லிங்கதுரை கத்தினார். “வந்துட்டு, வந்துட்டு” என்று வீடு வீடாகச் சத்தம் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போயிற்று. தேவசகாயம் சப்புக்கொட்டிக்கொண்டே அழுதார், அவருக்கு மக்ரூனும் சீக்கிரம் வந்துவிடும் என்ற பயம். அப்புறம் வாரத்துக்கு ஒன்றாகத் தாசில்தார் சாப்பிடச் சாப்பிட நெத்திலி வந்தது, பால் வந்தது, முட்டை வந்தது, ஒரு நாள் அது விளையாட்டாகப் பாகற்காயை நக்கிவைக்கப் பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு நிறுத்தபோது மூன்று கிலோ நானூறு. நாலே முக்கால் இனி வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிரகாசி கம்பெனியை விட்டு நின்று மறுபடியும் கூடை தூக்கினாள். நாலு கடைக்காரர்களும் வாங்கினார்கள். கூடையைத் தலையில் ஏற்ற நான் கை பிடிக்கிறேன், அவள் அதை மறுப்பதில்லை, அதற்கு மேல் பேச்சும் வளர்ப்பதில்லை.

எனக்கு மட்டும் சாளை வரவில்லை. அன்றைக்கு வாசலில் எல்லாரும் கத்தியபோது நானும் வாயில் ஒரு துண்டு வைத்திருந்தேன், ஈரத் துணி ஈரத் துணியாகவே இருந்தது. ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் குழம்பில் உப்பும் புளியும் மீனோடு சேர்ந்ததா சேரவில்லையா என்று தெரியாமல் திணறியதைப் பிரகாசியே கண்டுபிடித்துவிட்டாள். கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, “உப்புக் காணாது,” என்றாள். அன்றிலிருந்து அவள் ருசி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் என் குழம்பு பந்திக்குப் போகிறது. பலகை எதுவும் எழுதவில்லை.

இப்போதும் தினமும் பத்து மணிக்குத் தாசில்தாருக்கு ஊட்டிவிட்டு, விரலில் மிச்சம் இருக்கிற ஒரு பொட்டுச் சாளையை என் பக்கம் நீட்டுகிறாள்.

“யக்கா, வாயத் தொறங்க.”

திறக்கிறேன். நாக்கில் வைக்கிறாள், முகத்தையே பார்க்கிறாள். தாசில்தாரும் பார்க்கிறது.

“வந்துச்சா?”

வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். எத்தனையோ நாள் வாய்வரை வந்திருக்கிறது. சொன்னால் அவளுக்கும் ஒரு நிம்மதி, எனக்கும் இந்தத் தினசரி வேதனை தீரும், எதிர்க்கடையில் நிற்பவர்களும் சந்தோஷமாகக் கைதட்டுவார்கள்.

“இல்ல, பிரகாசி,” என்கிறேன்.

அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். “சரி. நாளைக்குப் பாப்போம்,” என்று சொல்லிவிட்டு எழுந்து, தலையில் கூடையை ஏற்ற என் கைக்காக நிற்கிறாள்.